உடலோம்பலும் உபதேசமும் – ஒரு மதிப்பீடு

“மீசை முளைத்து நாலு வருஷம் ஆகாத பையன் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறான்?” தில்லித் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நம் பிள்ளைகள் கைப்பேசியில் விரும்பிப் பார்ப்பது கட்டுடல் இளைஞர்களை. அவர்கள் முதலில் தண்டால் எப்படி எடுப்பது என்று சொல்லித் தருகிறார்கள். பிறகு எத்தனை மணிக்கு எழுவது, யாரோடு பழகுவது, எந்த வேலையை விடுவது, கல்யாணம் இப்போது வேண்டுமா என்பது வரை போய்விடுகிறார்கள். தண்டால் சொல்லித் தந்தவனுக்குக் கல்யாணத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்பதே வழக்கு. இரு தரப்பையும் விசாரித்துப் பார்ப்போம்.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் நாற்பது வருஷமாகக் கரி பாவ்லியில் நிறுத்து விற்றவன் என்ற உரிமையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு மருந்து சொல்வதையும் வாழ்க்கைக்கு வழி சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் இன்றைய பசங்க அல்ல, நம்ம முன்னோர்கள்தான். பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்களுக்கு மருந்துச் சரக்கின் பெயர். திரிகடுகம் என்றால் மேலே சொன்ன மூன்று காரச் சரக்கு. சிறுபஞ்சமூலம் என்றால் கண்டங்கத்திரி முதலான ஐந்து வேர்கள். ஏலாதி என்றால் ஏலம் முதலான ஆறு சரக்கு. மருந்து எத்தனையோ அத்தனை கருத்து பாட்டுக்குப் பாட்டு வரும். பின்னிரண்டையும் செய்த காரியாசானும் கணிமேதாவியாரும் சமணர்கள். உடம்பு நிலையற்றது என்று ஓயாமல் சொல்லும் மரபு. இருந்தும் நூலுக்குப் பெயர் தேடிப் போன இடம் மருந்துக் கடை. எந்த வயதில் எழுதினார்கள் என்று விசாரித்துவிட்டா நாம் அவற்றைப் படிக்கிறோம்? ஆகவே ‘உடம்பைப் பேசுகிறவன் வாழ்க்கையைப் பேசக்கூடாது’ என்ற வாதமும், ‘வயது போதாது’ என்ற வாதமும் தள்ளுபடி.

இனி நமக்குப் பக்கத்து ஊர் உதாரணம் ஒன்று. தில்லிக்கு வடக்கே, அரியானாவின் சோனிப்பத்து மாவட்டத்துப் பயான்பூர் கிராமத்தவர் அங்கித் பயான்புரியா. மல்யுத்தம் பழகியவர். 2023இல் ‘75 ஹார்டு’ என்ற சவாலை ஏற்று, அதை நாள்வாரியாக வீடியோவில் காட்டி நாடெங்கும் தெரிந்தவரானார். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று தூய்மை இயக்கத்தில் பிரதமரோடு துடைப்பம் பிடித்தார். 2024 மார்ச்சில் தில்லி பாரத் மண்டபத்தில், உடல்நலப் பிரிவில் தேசியப் படைப்பாளர் விருதும் பெற்றார்.

சவால் அவர் உண்டாக்கியதல்ல. ஆண்டி ஃபிரிசெல்லா என்ற அமெரிக்கர் 2019இல் வெளியிட்டது. மொத்தம் 75 நாள். தினமும் 45 நிமிஷமாக இரண்டு வேளைப் பயிற்சி, அதில் ஒரு வேளை வெட்டவெளியில், ஏதாவதொரு உணவுக் கட்டுப்பாடு, மது கூடாது, ஒரு காலன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர் தண்ணீர்; பத்துப் பக்கம் நல்ல புத்தகம்; ஒரு புகைப்படம். இதில் ஒன்று தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் மெச்ச வேண்டியது உண்டு. அந்த இளைஞர் தான் செய்ததைக் காட்டிவிட்டுத்தான் பேசினார். நாமோ சோபாவில் சாய்ந்துகொண்டு “காலையில எழுந்து நடக்கணும்டா” என்கிறோம். பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்பார்கள்?

ஆனால் விதியைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். சமண அறநூல்கள் விரதத்தைத் துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம் என்று பிரிக்கின்றன. கொல்லாமை, பொய்யாமை முதலான ஐந்தும் இருவருக்கும் பொது, அளவுதான் வேறு. கடையும் கடனும் குழந்தையும் உள்ளவனிடம் துறவியின் கணக்கைக் கேட்பதில்லை. தவறு நேர்ந்தால் பிரதிக்கிரமணம் உண்டு: அன்றைய குற்றத்தை எண்ணிப் பார்த்து, வருந்தி, மேலே நடப்பது. இத்தனை நாள் நடந்ததெல்லாம் வீண் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

75 ஹார்டில் இந்த வேறுபாடு கிடையாது. நொய்டாவில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால், அதற்கு முந்திய அறுபது நாள் உழைப்பும் பூஜ்யம். அப்பாவைக் கவனித்தது தவறுக் கணக்கில் விழுகிறது! இங்கேதான் உபதேசம் நொண்டுகிறது. உடற்பயிற்சிக்கு அது நல்ல விதியாக இருக்கலாம். வாழ்க்கையில் பாதி, விதி தவறிய பிறகு என்ன செய்வது என்பதுதானே?

அடுத்தது, காரணத்தைச் சோதிப்பது. மிளகில் பப்பாளி விதையைக் கலப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், விதை மிதக்கும். ‘இந்த உடம்பு எனக்கு இதனால் வந்தது’ என்ற பேச்சையும் அப்படிப் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ‘லிவர் கிங்’ என்ற பெயரில் பிரபலமான பிரயன் ஜான்சன், பச்சை ஈரல் தின்று ஆதிமனிதன்போல் வாழ்ந்ததால் வந்த உடம்பு என்று சொல்லி, சத்து மாத்திரையும் விற்றார். அவருடைய மின்னஞ்சல்கள் வெளியான பின், 2022 டிசம்பரில், ஸ்டீராய்டு போட்டுக்கொண்டதை ஒப்புக்கொண்டார். அவர் நாற்பதைக் கடந்தவர். வயது பொய்க்குத் தடையல்ல. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்று மும்மணிகளை வரிசைப்படுத்தினார்கள். காட்சி முதலில் நிற்பது காரணமில்லாமல் அல்ல.

விற்பது குற்றம் என்று வியாபாரியாகிய நான் சொல்ல மாட்டேன். விற்கிறேன் என்று சொல்லிவிட்டு விற்க வேண்டும், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நெறிமுறை வகுத்தது. உடல்நல வல்லுநர்போல் பேசும் பிரபலங்கள், தங்கள் பேச்சு மருத்துவர் ஆலோசனைக்கு ஈடல்ல என்று தெளிவாக அறிவிக்க வேண்டும் என்றது. சரக்கோடு ஒட்டாத ‘தண்ணீர் குடி, உடற்பயிற்சி செய்’ போன்ற பொதுப் பேச்சுக்கு விலக்கும் தந்தது. ஆனால் ‘வேலையை விடு, உன்னைச் சந்தேகப்படும் சொந்தக்காரனை ஒதுக்கு’ என்ற உபதேசத்தைச் சோதிக்கச் சர்க்கார் வராது. அதை வீட்டில்தான் சோதிக்க வேண்டும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஊரில் என்றால் தாத்தா, சித்தப்பா, எதிர்வீட்டு வாத்தியார் என்று நாலு வாய் இருக்கும். இங்கே குருகிராமில் வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைக்கு, விடிகாலையில் “எழுந்திருப்பா” என்று சொல்ல அந்தக் கைப்பேசிக் குரல் ஒன்றுதான். அதைக் கேலி செய்வதால் அந்த இடம் நிரம்பிவிடாது.

எனவே என் முடிவு இது. இளைஞன் தான் செய்து பார்த்ததைச் சொல்லட்டும். அதுவரை அவன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அதைத் தாண்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். உண்மையான காரணத்தைச் சொல்கிறானா? எல்லோருக்கும் ஒரே படியால் அளக்கிறானா? தவறி விழுந்தவனுக்கு அவனிடம் ஒரு வார்த்தை இருக்கிறதா? பிள்ளைகளோடு உட்கார்ந்து, அந்த வீடியோவைச் சேர்ந்தே பார்த்துக் கேளுங்கள். இதே மூன்றையும் அவர்கள் நம் பக்கமும் திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும், பதில் சொல்லத் தயாராக இருப்பவர்தான் பெரியவர்.