மண்ணில் விழும் தணல்

துருக்கிக் கிராமங்களில் வசந்தம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. மூன்று தணல்களாக வானத்திலிருந்து இறங்குகிறது என்பது ஐதிகம். பிப்ரவரி 20 வாக்கில் முதல் தணல் காற்றில் விழும். ஒரு வாரம் கழித்து அடுத்தது நீரில். மார்ச் 6 வாக்கில் மூன்றாவது மண்ணில். 'ஜெம்ரே' என்று இதற்குப் பெயர்.

ஆஷிக் வெய்ஸெல் பாடிய 'காரா தொப்ராக்' என்ற பாட்டில் இந்தத் தணலைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூன்றாவது தணல்தான் ஞாபகம் வருகிறது. 'கறுத்த மண்' என்று பொருள். ஆஷிக் என்றால் காதலன்; அந்த நாட்டில் பாணனுக்கும் அதுதான் பெயர். வெய்ஸெல் 1894-ல் சிவாஸ் பிரதேசத்துக் குக்கிராமம் ஒன்றில் பிறந்தார். ஏழாம் வயதில் அம்மை கண்ணைக் கொண்டுபோயிற்று. பையனுக்குப் பொழுது போகட்டுமே என்று தகப்பனார் ஒரு ஸாஸ், நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம், வாங்கிக் கொடுத்தார். பிறகு கல்யாணம். கட்டிய மனைவி இன்னொருவனுடன் போய்விட்டாள்.

இந்தப் பாட்டை வேதாந்தம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. நிலையாமை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேதாந்தியாக இருந்தால் ஆசையையே உதறியிருப்பார் அல்லவா? இவர் உதறவில்லை. மனிதரிடம் கிடைக்காத விசுவாசத்தை மண்ணிடம் கண்டு, அது தமக்குக் கொடுத்ததையெல்லாம் ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டே போகிறார். கைவிடப்பட்டவன்தான் இப்படிக் கணக்கு வைப்பான். எனக்கென்னவோ இது அசல் காதல் பாட்டாகத்தான் படுகிறது. பார்வையில்லாதவனுக்கு வசந்தம் முதலில் கையில்தானே தட்டுப்படும்!

குரலில் அழுகை கிடையாது. ஒற்றை ஸாஸ், ஏறக்குறைய பேசுவது போன்ற பாட்டு. உருக்கமாகப் பாடியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். பின்னால் பலர் பெரிய வாத்தியக் கோஷ்டியோடு பாடிப் பார்த்தார்கள். துக்கம் ஜாஸ்தியாயிற்று, பாட்டுக் குறைந்தது. ஃபஸில் சாய் என்ற பியானோ வித்வான் 1997-ல் இதை நினைத்து ஓர் உருப்படி செய்தார். ஒரு கையால் பியானோவின் தந்திகளை அமுக்கிக்கொண்டு, மறு கையால் வாசிக்கவேண்டும். ஸாஸின் மங்கிய நாதம் எழும். அவருக்கு விஷயம் புரிந்திருந்தது.

வெய்ஸெல் 1973 மார்ச் 21-ஆம் தேதி, பிறந்த ஊரிலேயே காலமானார். அன்று நெவ்ரூஸ், வசந்தப் பண்டிகை. மூன்றாவது தணல் மண்ணில் விழுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.