கழுவும் கைகளும் ஒரு விடுமுறைக் கடிதமும்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். பெயர்கள் நீக்கப்பட்டு, இலக்கம் மட்டும் இடப்பட்ட பிரதிகளாகக் கதைகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று, கந்தோரின் இரும்புப் பெட்டியைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிய பின்னரும், இறங்கித் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் ஒரு லிகிதரைப் பற்றியது. முதலில் இரண்டு தடவை, பிறகு ஐந்து தடவை, பிறகு கணக்கில்லை. கடைசியில் டொக்டர் அவரை வாட்டில் தங்கச் சொல்கிறார். கதையின் பின்பாதி முழுவதும் அந்த மனிதர் தனக்கு எத்தனை நாள் லீவு மிச்சமிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பிரதியின் ஓரத்தில் நான் இப்படிக் குறித்தேன்: "பாத்திரத்தின் குற்றவுணர்வுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. பின்பாதியில் தொழில் பற்றிய கவலை கதையைத் திசை திருப்பிவிடுகிறது." முதற் சுற்றிலேயே அந்தக் கதை விழுந்தது.

என் குறிப்பின் இரண்டு வாக்கியங்களும் பிழையானவை. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இரண்டு வருடங்களின் பின் நானே அந்த லிகிதரின் இடத்தில் இருக்க நேர்ந்தது என்பது தனிப்பட்ட விடயம். ஆனால் வாசிப்பில் நான் விட்ட பிழை தனிப்பட்டதல்ல. எங்களில் பலர் விடும் பிழை அது.

ஓ.சி.டி. என்று வைத்தியர்கள் சொல்வதைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். எங்கள் வீடுகளில் அதற்கு வஸ்வாஸ் என்று பெயர். எனக்கு அது தொடங்கியது பூட்டில் அல்ல, வுழுவில். ஹவுழின் படியில் உட்கார்ந்து காலைக் கழுவும்போது முழங்கை நனைந்ததா என்ற சந்தேகம் வரும். மீண்டும் நிய்யத்திலிருந்து தொடங்குவேன். ஜமாஅத் முடிந்து ஆட்கள் செருப்பைத் தேடும் நேரத்திலும் நான் கழுவிக்கொண்டிருப்பேன். உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்ற பிக்ஹு விதியை மௌலவி எனக்குப் பலமுறை விளக்கினார். அவ்விதி எனக்கும் மனப்பாடம். அறியாமையால் வந்த நோயல்ல என்பதால் அறிவால் அது போகவில்லை.

கந்தோரில் அதே நோய் வேறு உடுப்பு உடுத்திக்கொண்டது. கணக்குப் பிரிவில் ஒரு நிரலை மூன்று தரம் கூட்டிப் பார்ப்பவனைக் 'கவனமான ஆள்' என்பார்கள். என் முகாமையாளர் பல வருடங்களாக என் நோயைப் பாராட்டிக்கொண்டிருந்தார். மூன்று தரம் என்பது பதினெட்டுத் தரமாகி, மாத முடிவு அறிக்கை பிந்தத் தொடங்கிய பிறகுதான் பாராட்டு நின்றது. "ஆறு கிழமையாவது வாட்டில் இருக்க வேண்டிவரும்" என்று டொக்டர் சொன்னபோது, சுகமாகுமா என்று நான் கேட்கவில்லை. "என்ட வேலை இருக்குமா டொக்டர்?" என்றுதான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை நீங்க கந்தோரிலதான் கேட்கணும்" என்றார்.

இனி என் குறிப்பின் முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். குற்றவுணர்வுக்குக் காரணம் எங்கே என்று ஏன் கேட்டேன்? மீண்டும் மீண்டும் கை கழுவுபவர் என்றதும் இலக்கியம் படித்தவனின் நினைவுக்கு வருபவள் மக்பெத் சீமாட்டி. ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில் தூக்கத்தில் நடந்து வந்து, இல்லாத இரத்தக் கறையைக் கழுவுகிறாள். கால் மணி நேரம் கழுவுவதைக் கண்டிருப்பதாகப் பணிப்பெண் சொல்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் வைத்தியர், இது தன் தொழிலுக்கு அப்பாற்பட்டது, இவளுக்கு வேண்டியவர் மதகுரு என்று ஒதுங்கிக்கொள்கிறார். அந்த நாடகத்தில் அது சரி. அவள் ஒரு கொலைக்கு உடந்தையாக இருந்தவள். ஆனால் அந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு, கழுவும் கைகளுக்கெல்லாம் பின்னால் ஒரு பாவம் இருந்தாக வேண்டும் என்று விமர்சகர்கள் பழகிவிட்டோம். வாட்டில் என்னோடு இருந்தவர்கள் எவரையும் கொன்றவர்களல்ல. எவருக்கும் தீங்கு நேர்ந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்திருந்தது. அவர்களிடம் "என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்பது வைத்தியத்தில் கொடுமை. கதை வாசிப்பிலும் அப்படியே.

இரண்டாவது வாக்கியம்தான் பாரதூரமானது. தொழில் பற்றிய கவலை கதையைத் திசை திருப்புகிறதா?

இந்நோயைக் காட்டி உலகப் புகழ் பெற்ற திரைப்படங்களையும் தொடர்களையும் வாட்டுக்குப் போகும் முன்னரும் பின்னரும் பார்த்தேன். 1997இல் வந்த 'அஸ் குட் அஸ் இட் கெட்ஸ்' படத்தில் ஜேக் நிக்கல்சன், நடைபாதை வெடிப்புகளை மிதிக்காத, ஒரு சவர்க்காரக் கட்டியை ஒரு தடவைக்கு மேல் பாவிக்காத மெல்வின் என்ற நாவலாசிரியராக வருகிறார். சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் அவருக்குக் கிடைத்தது. மெல்வினுக்கு முதலாளி இல்லை. வீட்டிலிருந்தே எழுதுகிறார், காசு வருகிறது. 2004இல் ஸ்கோர்ஸேஸி எடுத்த 'தி ஏவியேட்டர்' படத்தில் ஹோவர்ட் ஹியூஸ், கதவைப் பூட்டிக்கொண்டு ஓர் அறைக்குள் அடைந்து கிடக்கிறார். கம்பனி அவருடையது. அது அவருக்காகக் காத்திருக்கிறது.

மூன்றாவது, 2002 முதல் 2009 வரை ஓடிய 'மொங்க்' தொடர். இது மட்டுமே வேலை இழந்தவனின் கதை. மனைவி கொலையுண்ட பின் நோய் முற்றி, சான் பிரான்சிஸ்கோ பொலிஸிலிருந்து நீக்கப்பட்ட துப்பறிவாளன் ஏட்ரியன் மொங்க், மீண்டும் சேவையில் சேரவே தவம் கிடக்கிறான். இங்கேயாவது என் கேள்விக்கு இடம் கிடைத்தது என்று நம்பிப் பார்த்தேன். ஆனால் கொலையாளியை அவன் கண்டுபிடிப்பதே அவனது நோயின் நுணுக்கத்தால்தான் என்று தொடர் வாராவாரம் காட்டுகிறது. கடைசிப் பருவத்தில் சின்னம் திரும்பக் கிடைக்கிறது. அதை அவனே வேண்டாம் என்று கொடுத்துவிடுகிறான். திறமைசாலியாக இருந்தால் மட்டுமே நோயாளிக்கு மன்னிப்பு என்பது இதன் உட்பொருள். சாதாரணத் திறமையுள்ள ஒரு கணக்கு லிகிதர் என்ன செய்வது?

இவற்றுள் என்னைத் தடுத்து நிறுத்திய ஓரிடம் உண்டு. 'அஸ் குட் அஸ் இட் கெட்ஸ்' படத்தில் வருத்தத்தால் வேலைக்குப் போக முடியாமல் தவிக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் மெல்வின் அல்ல, உணவகத்தில் பரிமாறும் கரோல். ஆஸ்துமாக்கார மகனைப் பார்க்க வேண்டியிருப்பதால் அவளுடைய வேலை ஆட்டம் காண்கிறது. மெல்வின் தன் காசில் ஒரு டொக்டரை அனுப்புகிறார். தனக்குப் பழகியவள் மீண்டும் வந்து பரிமாற வேண்டுமென்பதே காரணம். ஆக, நோய்க்கும் கூலிக்கும் உள்ள தொடர்பை அந்தப் படம் நன்றாக அறிந்தே இருக்கிறது. அதைத் தன் கதாநாயகனுக்கு மட்டும் பொருத்திப் பார்க்கவில்லை.

எங்கள் நாட்டுக் கணக்கு எளிமையானது. என்னைப் போன்ற தனியார் கந்தோர் ஊழியர்களை ஆள்வது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, கடை, காரியாலய ஊழியர் சட்டம். வருடாந்த லீவு 14 நாள், அமய லீவு 7 நாள். சுகவீனத்துக்கென்று தனியாக ஒரு லீவை அச்சட்டம் சொல்லவில்லை. அந்த 7 நாளுக்குள்தான் காய்ச்சலும் வரவேண்டும், கல்யாணமும் வரவேண்டும், ஜனாஸாவும் வரவேண்டும். மொத்தம் 21 நாள். இந்நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்கிறதா என்று அறியவே 10, 12 கிழமைகள் பொறுக்க வேண்டியிருக்கிறது. வாட்டில் கிடந்து நான் போட்ட கணக்கு இதுதான். எத்தனை தரம் கூட்டினாலும் விடை மாறவில்லை.

வாட்டில் தரும் சிகிச்சை என்ன? 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இந்நோயுள்ள இரண்டு பேரை வாட்டில் வைத்து, தாதிமார் உடனிருக்க, அவர்களின் சடங்குகளைச் செய்ய விடாமல் தடுத்துப் பார்த்தார். பயந்தது நடக்கவில்லை என்பதை அவர்கள் அனுபவித்து அறியச் செய்வதே நோக்கம். இன்றைய சிகிச்சை முறை அதிலிருந்து வளர்ந்தது. எனக்கும் அதுவே. ஒரு தரம் வுழு எடுத்துவிட்டுக் குழாயை விட்டு விலக வேண்டும். முழங்கை நனைந்திருக்கலாம், நனையாமலும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எவரிடமும் கேட்கக் கூடாது. மிஸ்ஸி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முதல் கிழமை அழுதேன். மூன்றாம் கிழமை கொஞ்சம் இலேசானது.

அங்கேதான் அந்தக் கதை எனக்கு விளங்கியது. முழங்கை பற்றிய சந்தேகம் நோய் உண்டாக்கியது. அதை நம்பாதிருக்கப் பயிற்சி தருகிறார்கள். வேலை பற்றிய சந்தேகமோ சட்டத்திலும் நாட்காட்டியிலும் எழுதியிருக்கும் உண்மை. இரண்டும் ஒரே தலைக்குள், ஒரே குரலில்தான் பேசுகின்றன. எதைக் கேட்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று பிரித்தறிவதுதான் நோயாளியின் உண்மையான துன்பம். பெயர் தெரியாத அந்த எழுத்தாளர், பூட்டையும் லீவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது இதற்காகத்தான். மெல்வினும் ஹியூஸும் இரண்டாவது சந்தேகத்திலிருந்து காசால் தப்பியவர்கள், மொங்க் திறமையால் தப்பியவன். அந்த லிகிதருக்கு ஒன்றும் இல்லை. அதனால் அவர் கதைதான் முழுமையானது.

இதில் எங்கள் மரபுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அபூ ஸைத் அல்-பல்கீ (850–934) உடலினதும் உள்ளத்தினதும் நலம் பற்றி எழுதிய நூலில் வஸ்வாஸுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். தனிமையையும் வேலையற்றிருப்பதையும் தவிர்க்கும்படி அவர் சொல்கிறார். தொழிலை அவர் மருந்தின் பக்கம் வைக்கிறார். வாட்டுக்குப் போனதற்காக ஒருவனின் தொழிலைப் பறிப்பது, மாத்திரையைக் கொடுத்துவிட்டு மருந்தைப் பிடுங்குவதற்குச் சமம்.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கதைகளில் உண்மை வேண்டும் என்று மேடைகளில் பேசியவன், விடுமுறைக் கடிதத்தில் 'இரைப்பை அழற்சி' என்று எழுதினேன். 'அங்கொடை' என்பது எங்கள் பேச்சில் ஊர்ப் பெயராக இல்லாமல் வசையாகிப்போய் வெகுகாலம். அந்தச் சொல் என் கதிரையில் வந்து உட்காருவதற்கு நான் தயாராக இருக்கவில்லை. மிச்ச நாட்களுக்குச் சம்பளம் வெட்டினார்கள். திரும்பிப் போனபோது கணக்குப் பிரிவிலிருந்து களஞ்சியத்துக்கு மாற்றியிருந்தார்கள். வேலை தப்பியது. "உறைப்பு சாப்பிட வாணாம் நானா" என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் எனக்கென்று தனியாகப் பாற்சோறு கொண்டுவந்தார்கள். அந்த அன்பை அனுபவித்துக்கொண்டு, பொய்யை விழுங்கிக்கொண்டு பல மாதம் உறைப்பில்லாமல் சாப்பிட்டேன். நான் எழுதியவற்றிலேயே ஆகக் கூடுதலாக நம்பப்பட்ட புனைவு அந்த ஒன்றரை வரிக் கடிதம்தான்.

நான் வாசித்த அளவில், எமது சிறுகதைகளில் மனநோயாளி தெருவில் திரிபவராக வருகிறார், அல்லது ஊரின் மனச்சாட்சியாக உயர்த்தப்படுகிறார். மாதச் சம்பளம் வாங்குபவராக, ஈ.பி.எப். கட்டுபவராக, மாத்திரை டப்பாவை மேசை லாச்சிக்குள் ஒளித்து வைப்பவராக அவர் அரிதாகவே வருகிறார். ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் நோய் இது. அப்படியானால் இந்த இதழைப் படிப்பவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கதையில் குறைகள் இல்லாமல் இல்லை. மனைவி அழுவதற்கு மட்டும் வருகிறாள். டொக்டர் பாடப் புத்தகம் போலக் கதைக்கிறார். இவை திருத்தக்கூடியவை. திருத்தக் கூடாதது அந்தப் பின்பாதி. அதை எழுதியவர் இதை வாசிக்க நேர்ந்தால், பிரதியை இந்த இதழுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்பாதியில் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம்.