ராமானுஜத்தின் கோடும் 'பைத்தியம்' என்ற சொல்லும்

கே. ராமானுஜத்தைப் (1940-1973) பற்றிப் பேச வருபவர்கள் முதலில் அவரது பேச்சுத் தடங்கலைச் சொல்கிறார்கள், அப்புறம் தற்கொலையை. கோட்டைப் பற்றிப் பேச இடம் மிஞ்சுவதில்லை.

சென்னை ஓவியக் கல்லூரியில் அவர் மாணவர், முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். மேற்கைப் பிரதியெடுக்காமல் இங்கிருந்தே ஒரு நவீனத்தைக் கட்ட முடியுமா என்பது அங்கு அன்றைய கேள்வி. 1963 வாக்கில் பணிக்கர் ஜாதகக் கட்டங்களையும் எழுத்து வடிவங்களையும் நாடிப் போனார். மாணவர் போனது 'அம்புலிமாமா' படங்களிடம், கோயில் சிற்பங்களிடம். எது உயர்ந்த பாதிப்பு, எது சில்லறை என்கிற படிநிலை அவர் தாளில் செல்லுபடியாகவில்லை.

கறுப்பு மை, பேனா. இருட்டை அவர் பூசுவதில்லை. மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கி உண்டாக்குகிறார். மாளிகை, பாம்பு, சிறகு முளைத்த உருவங்கள், இடையில் தொப்பி போட்டுக்கொண்டு அவரே. வெற்றிடம் அனேகமாக இல்லை. இதைப் பார்த்துவிட்டு 'கனவு', 'பித்து'ன்னு சொல்லிவிட்டால் விமர்சகன் வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது. பித்தில் கை தானாக ஓடியிருந்தால் கோடுகளுக்கிடையில் இத்தனை சீரான இடைவெளி எப்படி வந்தது? ஒவ்வொரு கோடும் கையின் உழைப்பு, எடுத்த முடிவு.

அவரைப் புனிதப் பைத்தியமாக்குவதும் பைத்தியமென்று ஒதுக்குவதும் எனக்கு ஒரே காரியமாகத்தான் படுகிறது. இரண்டிலும் கலைஞனிடமிருந்து அவன் வேலை பிடுங்கப்படுகிறது. கைவினை செய்து பிழைத்து, சுதந்திரமாக வரையலாம் என்று 1966இல் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலத்தில்தான் அவர் வாழ்ந்தார், இறந்தார். அந்தச் சாவுக்கு அர்த்தம் கற்பிக்கும் முன் ஒரு படத்தையாவது கோடு கோடாகப் பார்ப்போம்.