இழுப்பவர்களும் தள்ளுபவர்களும்

ருஷ்ய யதார்த்த ஓவியம் என்றதும் இங்கே இரண்டு எதிர்வினைகள் தயாராக இருக்கின்றன. முற்போக்கு முகாமில் கைதட்டல். சிறுபத்திரிகைக்காரர்களிடம், 'அது கதை சொல்லும் படம்' என்று ஓர் உதட்டுப் பிதுக்கல். இரு தரப்பும் படத்தைப் பார்ப்பதில்லை. பழைய 'சோவியத் நாடு' இதழ்களின் மங்கிய அச்சைக்கூட ஊன்றிப் பார்த்ததில்லை.

இல்யா ரெபின் 1870 - 73இல் தீட்டிய 'வோல்காவில் படகு இழுப்பவர்கள்' படத்தை எடுத்துக்கொள்வோம். பதினோரு பேர் மார்பில் வார்ப்பட்டையோடு மணலில் நடந்து படகை இழுக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான். இதை வைத்து அழவைப்பது சுலபம். ரெபின் அதைச் செய்யவில்லை. முன்னால் வருகிற கானின், குருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டவன். தலையில் துணி சுற்றிய அந்த முகத்தில் வலியைவிட யோசனைதான் அதிகம். (காலையில் காட்டாங்குளத்தூரில் மின்ரயில் ஏறுகிறவர்களின் முகத்திலும் அதுதான் இருக்கிறது, சோகம் அல்ல.) இன்னொருவன் வாயில் புகைக்குழாய். நடுவில் ஒரு பையன், உறுத்தும் பட்டையைக் கையால் தூக்கியபடி நிமிர்கிறான். வேலை இன்னும் அவன் உடம்பில் படியவில்லை. அந்த நிமிர்வு நெஞ்சை அடைக்கிறதென்றால், அது எத்தனை நாளைக்கு என்பதைச் சுற்றியுள்ள முதுகுகள் சொல்லிவிடுவதால்தான். தூரத்தில் சிறியதாக ஒரு நீராவிப் படகு. அதை ரெபின் அடிக்கோடிடவில்லை.

தஸ்தாயெவ்ஸ்கி 1873இல், கொள்கைப் பிரகடனமாக இருக்குமோ என்ற பயத்துடன்தான் இப்படத்தைப் பார்க்கப் போனார். இவர்களில் ஒருவனும் தன் துயரத்தைப் பார்வையாளனிடம் கூவவில்லை என்பதே அவரைத் தொட்டது.

இனி மெரினாவுக்கு வருவோம். தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். தசை முறுக்கம் அபாரம். உடம்பின் பாரம் காலுக்கு இறங்குவதை அறிந்த கை அது. ஆனால் பலமுறை பார்த்த பிறகும் ஒரு முகம் நினைவில் நிற்பதில்லை. நால்வரும் ஒரே முயற்சியின் நான்கு கோணங்கள். போதாததற்கு, 'உழைப்பின் வெற்றி' என்ற ஆங்கிலப் பெயர் முடிவையும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. வெண்கலத்திடம் இதற்குமேல் கேட்கலாமா என்பார்கள். ரோதினின் 'கலே நகரத்தார்' வெண்கலம்தான். அதில் ஆறு பேருக்கு ஆறு மனங்கள். ராய் சௌத்ரி ரோதினை அறியாதவரும் அல்ல.

ருஷ்யர்கள் எல்லோரும் ரெபின் என்று சொல்லவரவில்லை. பெரோவின் 'த்ரோய்க்கா'வில் (1866) பனியில் தண்ணீர்ப் பீப்பாய் இழுக்கும் மூன்று குழந்தைகள் நம்மிடம் இரக்கத்தை யாசிக்கிறார்கள். நம் ஏழ்மைக் கதைகளில் முக்கால்வாசி பெரோவின் வழிதான்.

ராய் சௌத்ரியின் மாணவர் பணிக்கர் 1966இல் சோழமண்டலத்தைத் தொடங்குவதற்கு முன்பே இந்தத் தசைகளை உதறிவிட்டிருந்தார். அவருக்கு அது அவசியம். அதைச் சாக்காக வைத்து ரெபினையும் அதே மூட்டையில் கட்டிக் கடலில் போட்டவர்கள், ஓவியம் பற்றி எழுதிய நம் விமர்சகர்கள்.