அடிக்குறிப்பில் எழுதப்பட்ட நாடு

1609இல் மெக்சிகோவில் அச்சான ஸ்பானிய நூல் அது. மணிலாவில் உயர்பதவி வகித்த அந்தோனியோ தெ மோர்கா என்ற அதிகாரி, பிலிப்பைன்ஸ் தீவுகளில் தான் கண்டதையும் கேட்டதையும் அதில் எழுதிவைத்திருந்தார். ஏறக்குறைய 280 ஆண்டுகள் கழித்து, லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பறையில் உட்கார்ந்து அதைக் கையால் படியெடுத்தார் பிலிப்பினியரான ஹோசே ரிசால். தொழிலால் கண் மருத்துவர். 1887இல் வெளியிட்ட நாவலால் ஸ்பானியப் பாதிரிமாரின் பகையைச் சம்பாதித்திருந்தவர். படியெடுத்ததோடு நிற்காமல் ஏராளமான அடிக்குறிப்புகள் சேர்த்து, 1890 என்று ஆண்டிட்டுப் பாரிசில் பதிப்பித்தார். இத்தீவு மக்களுக்கு மீன் கெட்டுப்போகத் தொடங்கினால்தான் ருசிக்கும் என்று மோர்கா ஓரிடத்தில் எழுதுகிறார். ரிசாலுக்குப் பொறுக்கவில்லை. அது கெட்ட மீன் அல்ல, பாகூங்; பழக்கமில்லாத உணவைக் கண்டு அருவருப்பது எல்லா நாட்டாருக்கும் உள்ளதுதான் என்று கீழே குறிப்பெழுதுகிறார். பாகூங் என்பது மீனையோ இறாலையோ உப்பிட்டு நாள்படப் புளிக்கவைத்தது. கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை.

பிலிப்பினியர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய நூற்றுச் சொச்சம் ஆண்டு எழுத்தில், 'நாம் யார்' என்று நேராகக் கேட்ட நூல்கள் சீக்கிரம் களைத்துவிடுகின்றன. ஏதாவது ஒரு சின்னப் பொருளைப் பிடித்துக்கொண்டவைதான் இன்றும் படிக்க முடிகிறது. ரிசாலின் குறிப்புகளிலேயே இரண்டும் கலந்திருக்கின்றன. ஸ்பானியர் வருமுன் எல்லாம் செழித்திருந்தது என்று நிறுவக் கிளம்பும்போது அவர் வரலாற்றாசிரியர் அல்ல, வக்கீல். பதிப்புக்கு முன்னுரை எழுதிய நண்பர் புளூமென்ட்ரிட்டே, பழைய நூற்றாண்டை இன்றைய அளவுகோலால் அளப்பதாக அந்த முன்னுரையில் குட்டியிருக்கிறார்.

பொற்காலம் வேண்டும் என்ற பசி பிறகு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குக் கலான்தியாவ் சட்டம் சாட்சி. 1433இல் பனாய் தீவின் தலைவர் ஒருவர் இயற்றியதாம். எறும்புக்கு இரையாக்கும் தண்டனைகூட உண்டு. நெக்ரோஸ் தீவின் ஹோசே மார்க்கோ என்பவர் 1914இல் மணிலா நூலகத்துக்குக் கொடுத்த ஏடுகளில் அது இருந்தது. பாடநூலில் ஏறியது. வில்லியம் ஹென்றி ஸ்காட் என்ற அமெரிக்கர், கார்டில்லேரா மலைப் பகுதியில் வாழ்ந்த மிஷனரி ஆசிரியர், 1968இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் மார்க்கோவின் ஏடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் போலி என்று காட்டினார். வாய்மொழித் தேர்வில் அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை என்று அவரே பின்னால் எழுதினார். 1971இல் அரசு கலான்தியாவ் பெயரிலேயே நீதித்துறைக்கு ஒரு விருதை ஏற்படுத்தியது! அந்தச் சட்டத்துக்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று அரசின் வரலாற்று நிறுவனம் ஒப்புக்கொண்டது 2004இல்.

உண்மையான ஆவணம் 1980களின் இறுதியில் லகுனா மாகாணத்து ஆற்றோரம் கிடைத்தது. செப்புத் தகடு, சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900; எழுத்து பழைய ஜாவாவின் காவி வகை, மொழி சமஸ்கிருதம் கலந்த பழைய மலாய். அதைப் படித்துச் சொன்னவர் மிண்டோரோவில் வாழ்ந்த டச்சுக்காரர் அன்டூன் போஸ்ட்மா. அரசர் வெற்றியும் இல்லை, சட்டமும் இல்லை: நம்வரன் என்பவரின் கடன் தீர்ந்தது, அவர் வாரிசுகளை இனி யாரும் கேட்கக்கூடாது என்ற விடுதலைச் சீட்டு. நாட்டின் மிகப் பழைய தேதியிட்ட ஆவணம் இதுதான்.

1966இல் வெளிவந்த இரண்டு கட்டுரைகளைச் சொல்லாமல் இந்தத் துறையைச் சொல்ல முடியாது. 1901இல் தாமஸ் கப்பலில் வந்திறங்கிய சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்களையும் அவர்களுடைய ஆங்கிலப் பள்ளியையும் ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ குற்றக்கூண்டில் நிறுத்தினார். படித்தவன் சொந்த நாட்டுக்கு அந்நியனானான் என்பது வாதம். அதை அவர் எழுதியது ஆங்கிலத்தில். இந்த முரண் நமக்கும் புதிதல்ல. நிக் ஹுவாக்கின் வேறு பக்கம் தாக்கினார்: பிலிப்பினியருக்குப் பெரிதாக நினைக்கத் தெரியாது, எல்லாமே 'திங்கி', அதாவது சில்லறை வாங்கல். சாரி-சாரி என்னும் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட், அரைப்பூண்டு, ஒரு முட்டை என்று வாங்குவதை அவர் பழிக்கிறார். கையில் அன்றாடக் கூலி மட்டும் உள்ளவர் வேறெப்படி வாங்குவார் என்று அவர் கேட்டிருக்கலாம். ஆனால் பிலிப்பினியர் என்ற வடிவமே ஸ்பானியர் கொண்டுவந்த கருவிகளாலும் பயிர்களாலும் அச்சாலும் உருவானது என்று அவர் பிற்பாடு வாதிட்டதை எளிதில் தள்ள முடியாது. 1849இல் ஆளுநர் கிளாவேரியா 60,000க்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்களை ஏடாக அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார். அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் இன்றும் பல குடும்பப் பெயர்கள் 'ர'வில்தான் தொடங்குகின்றன. அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அந்த எழுத்துப் பக்கம்! ஏட்டில் வராத கலப்பும் உண்டு. 1762இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலப்படை புறப்பட்டது சென்னையிலிருந்து; அதில் வந்த சிப்பாய்கள் சிலர் 1764இல் திரும்பாமல் கைந்தா ஊரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள்.

என் கணக்கில் இத்துறையின் சிறந்த நூல் ரெய்னால்டோ இலெட்டோவின் 'பாசியோனும் புரட்சியும்' (1979). படித்தவர்கள் எழுதியதை விட்டுவிட்டு, புனித வாரத்தில் ஊர்கூடி இராப்பகலாகப் பாடும் கிறிஸ்துவின் பாடுகளை அவர் எடுத்துக்கொண்டார். 1896இல் ஸ்பானியருக்கு எதிரான புரட்சியில் அதன் தலைவர் போனிஃபாசியோவின் பின்னால் திரண்ட குடியானவனுக்கு அரசியல் மொழி அங்கிருந்துதான் கிடைத்தது, ஐரோப்பிய நூலிலிருந்து அல்ல என்றார். தோரீன் ஃபெர்னாண்டஸ் அதே வேலையைச் சமையலறையில் செய்தார். வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களில் நாட்டின் அடையாளமாக நிற்கும் அடோபோவை ஒதுக்கி, சினிகாங் என்னும் புளிச்சாற்றை முன்னிறுத்தினார். அரிசி களைந்த தண்ணீர், அன்று கிடைத்த மீனோ கறியோ. புளிப்புக்குப் புளியங்காய், புளியங்கொழுந்து, பிலிம்பிக்காய், மாங்காய், கொய்யா என அந்தந்த நிலத்தில் விளைந்தது. அம்பெத் ஒகாம்போ தன் பத்திரிகைப் பத்திகளில் ரிசாலின் கம்பளிக் கோட்டைக் கழற்றினார். வெப்ப நாட்டில் சிலைதோறும் அந்தக் கோட்டு ஏன் என்பது அவர் கேள்வி.

வரலாற்றாசிரியர் ஜீயஸ் சலசாரின் சிந்தனைப் பள்ளி தனி வழி. நம்மைப் போலவே பிலிப்பினியருக்கும் 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு உண்டு: தாயோ, காமி. அந்நியருக்கு விளக்கம் சொல்லும் 'நாங்கள்' வரலாற்றை நிறுத்தி, நமக்குள் பேசும் 'நாம்' வரலாற்றை நம் மொழியில் எழுதுவோம் என்றார் சலசார்.

அந்த 'நாம்' யார் யார் என்ற கேள்விக்குச் சீசர் மஜூலின் 'பிலிப்பைன்ஸ் முஸ்லிம்கள்' (1973) நூலைப் புரட்ட வேண்டும். ராணுவச் சட்டம் வந்து ஓராண்டு ஆவதற்குள் மிண்டனாவோவில் போர் மூண்டிருந்த காலம். 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி வருமுன்பே தெற்கே சூலுத் தீவுகளில் சுல்தானகம் இருந்தது. மூன்று நூற்றாண்டுச் சண்டையிலும் ஸ்பெயின் அப்பகுதியை முழுதாக அடக்கவில்லை. ஹுவாக்கின் அளவுகோலின்படி, ஸ்பானிய வார்ப்பில் விழாத இவர்களுக்குப் பிலிப்பினியர் கணக்கில் இடமே இல்லை. தான் முழுமையாக ஆளாத அந்த நிலத்தையும் சேர்த்துத்தான் 1898இல் பாரிஸ் ஒப்பந்தத்தில் 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் எழுதிக்கொடுத்தது ஸ்பெயின். 1946இல் பிறந்த குடியரசு அந்த எல்லையைத்தான் பெற்றுக்கொண்டது.