நகல் வந்தது, நாள் வரவில்லை

மூன்று வாரம் முன்பு ஒரு நண்பர் கல்வெட்டுக் குழு ஒன்றில் என்னை மடக்கினார். எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிவன் கோயில் அதிட்டானத்தில் உள்ள ஒரு துண்டுக் கல்வெட்டுக்கு, 2014-ல் இங்கே எழுதிய குறிப்பில் "ஆட்சியாண்டு 7" என்று பாடம் கொடுத்திருந்தேன். "மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த பிறகு அந்தக் கல்லில் எண்ணே தெரியவில்லையே, நீங்க எப்போ படிச்சீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திருப்பணி நடந்தது 2009-ல். அதற்கு முன்பே படித்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் என் நினைவை யார் சாட்சியாக ஏற்பார்கள்? கோப்பைப் பார்த்தேன். மாற்றிய தேதி: 2013 மார்ச். அந்த ஃபோல்டரில் இருந்த அத்தனை கோப்புக்கும் அதே மாலை நேரம்.

உடனே புரிந்துவிட்டது. அன்று பழைய எக்ஸ்பி மடிக்கணினியில் பைத்தானின் ஒற்றை வரி வெப் சர்வரை ஓடவிட்டு, புது மடிக்கணினியின் பிரவுசர் வழியாக எல்லாவற்றையும் இறக்கினேன். என்ன கெட்டிக்காரத்தனம் என்று அப்போது எனக்கே பெருமை. கோப்பு எப்போது மாற்றப்பட்டது என்பதை அந்த சர்வர் தலைப்பு வரியில் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. பிரவுசர் அதைக் கண்டுகொள்வதில்லை, இறக்கிய நேரத்தையே எழுதிவிடுகிறது.

கோப்பு மாற்றும் வழிகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் எனக்குள்ள குறையே இதுதான். எல்லாமே வேகத்தை அளக்கின்றன. நொடிக்கு எத்தனை மெகாபைட், எத்தனை கிளிக். எதைக் கொண்டுவந்தது, எதை வழியில் போட்டுவிட்டு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அலுவலகக் கோப்புக்கு அது பெரிய விஷயமில்லைதான். ஆனால் டெக்ஸ்ட் கோப்பாக இருக்கும் கள ஆய்வுக் குறிப்புக்கு உள்ளே தேதி கிடையாது, வெளியே ஒட்டியிருக்கும் அந்த ஒரு தேதிதான் அதற்குப் பிறப்புச் சான்றிதழ். டிஜிட்டல் கேமரா படத்துக்காவது எக்ஸிஃப் தகவல் உள்ளேயே இருக்கும் (அதையும் மெசேஜ் செயலியில் அனுப்பித் தொலைத்தவர்கள் நிறைய பேர்).

நல்லவேளை, பழைய மடிக்கணினியைப் பேப்பர்காரரிடம் போடவில்லை. பரணில் இருந்தது. பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரில் மாட்டியதும் எழுந்தது. கடிகாரம் 2002 என்றது, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியும் போயிருக்கும். இதனால் பழைய கோப்புகளின் தேதி மாறாது. ஆனால் அந்த நிலையில் எதையாவது திறந்து சேமித்தால் அதற்கு 2002 என்று பதிவாகிவிடும். அதனால் எதையும் தொடவில்லை.

வீட்டு நெட்வொர்க்கில் இரண்டையும் இணைத்தேன். ஒன்றுக்கொன்று முகம் பார்க்கவில்லை. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி முதல் பதிப்பு மட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டிலிருந்து புதிய நிறுவல்களில் அது இயல்பாக வருவதில்லை. "அதை மறுபடி ஆன் பண்ணுங்க, வேலை முடியும்" என்று எங்கு தேடினாலும் அறிவுரை. இதை நான் கடுமையாக மறுப்பேன். ஒரு மணி நேர வேலைக்காகத் திறந்த கதவை மறக்காமல் மூடுபவர் நம்மில் எத்தனை பேர்? அன்று மூடியது சரியான முடிவு.

எஃப்டிபியும் ஒரு வழி. அதன் முதல் வரைவை 1971-ல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். எனக்கு அதன் மேல் ஒரு பாசம் உண்டு. ஆனாலும் அதில் டெக்ஸ்ட் முறை, பைனரி முறை என்று இரண்டு இருக்கின்றன. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு டெக்ஸ்ட் முறையில் அனுப்பினால் வரி முடிவுக் குறிகள் மாறும், கோப்பின் அளவே குறையும். சான்றாகக் காட்ட வேண்டிய கோப்பில் ஒரு பைட் மாறினாலும் எனக்குச் சம்மதமில்லை.

கடைசியில் 32 பிட் லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் போட்டு, பழைய மடிக்கணினியை அதிலிருந்து கிளப்பி, ஹார்டு டிஸ்க்கைப் படிக்க மட்டும் அனுமதித்து இணைத்தேன். மறுமுனையில் வீட்டு லினக்ஸ் பெட்டி. நடுவே ஆர்சிங்க். 1996-ல் இதை எழுதியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்தான், விண்டோஸ் பகிர்வை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்த சாம்பாவையும் தொடங்கியவர். ஆவணக் காப்பு முறையில் ஓட்டினால் மாற்றிய தேதி அப்படியே வரும். பாதியில் அறுந்தாலும் வந்து சேர்ந்த கோப்புகளை மறுபடி இழுக்காது. முடிந்த பிறகு, உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் முறையில் ஒரு ஒத்திகை ஓட்டம் விட்டால் வேறுபடும் கோப்புகளைப் பட்டியல் போடும். இதையும் குறை சொல்லாமல் விட முடியாது. மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். இத்தனை வருடம் கழித்தும் நான் தடுக்கி விழுகிற இடம் அது.

மொத்தம் 38 ஜிபி. பழைய வைஃபையில் நொடிக்கு இரண்டரை மெகாபைட்தான் வந்தது. அப்படியே விட்டால் நாலு மணி நேரத்துக்கு மேல். நெட்வொர்க் கேபிளைச் செருகியதும் பதினொன்றைத் தொட்டது. சிறு கோப்புகளில் நொண்டியதையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. ஒத்திகைப் பட்டியலில் ஒன்றும் வரவில்லை. ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டிருந்தால் இந்தக் கதையே வேண்டாம், கழற்றி யூஎஸ்பியில் மாட்டி முதலில் முழுப் பிம்பம் எடுத்திருப்பேன்.

இப்போது அந்தக் குறிப்பு. தேதி 2007 ஆகஸ்ட் 19. அதே கல்லின் படங்களில் எக்ஸிஃப் தேதி ஆகஸ்ட் 17. கோப்புத் தேதியை ஒரு கட்டளையில் மாற்றிவிடலாம், அதனால் அது மட்டும் சான்றாகாது. படங்களோடு சேர்த்துப் பார்த்தால் ஓரளவு நிற்கும். நண்பருக்கு அனுப்ப மகிழ்ச்சியாகக் கோப்பைத் திறந்தேன். பழைய டிஸ்கி குறியேற்றம், திரையில் வெறும் கிறுக்கல். மூலத்தை அப்படியே வைத்துவிட்டு ஒரு நகலை மட்டும் யூனிகோடுக்கு மாற்றினேன். யூடிஎஃப்-8 என்று எண்ணித் திறக்கும் எடிட்டரில் மூலத்தையே திறந்து சேமித்திருந்தால் அதோடு போச்சு.

மாற்றிப் படித்தேன். "ஆட்சியாண்டு 7?" என்று இருந்தது. பக்கத்திலேயே, "கீழ்ப்பாதி சிதைந்துள்ளது, மைப்படி எடுத்துப் பார்க்கணும்" என்று என் கைப்பட ஒரு வரி. மைப்படி நான் எடுக்கவே இல்லை. 2014-ல் இங்கே எழுதும்போது அந்தக் கேள்விக்குறி எப்படிக் காணாமல் போனது என்று தெரியவில்லை. அதற்கு எந்த நெட்வொர்க்கையும் குற்றம் சொல்ல முடியாது.

பழைய பதிவைத் திருத்திவிட்டேன், திருத்திய தேதியோடு. இரண்டு படங்களையும் குறிப்பின் மூலக் கோப்பையும் நண்பருக்கு ஜிப் செய்து அனுப்பியிருக்கிறேன். எண் நாலாகவும் இருக்கலாம் என்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.