மத்தங்காய்ப் பையின் வரிப்பள்ளம்

மத்தங்காய் வடிவில் குரோஷே பின்னிய மிட்டாய்ப் பையில், அதாவது அக்டோபர் 31 மாலையில் ஹாலோவீன் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்கும் குழந்தைகளின் கையில் தொங்கும் பையில், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் முகமன்று. கறுப்புத் துணியில் முக்கோணக் கண்ணும் பல்லும் வெட்டி ஒட்டுவது எவருக்கும் கூடிவரும் வேலை. அடியில் தொடங்கி வாய்வரை ஏறும் வரிப்பள்ளங்களே பின்னியவரின் கையைச் சொல்பவை. அவை பின்னலுக்குள்ளேயே பிறந்தவையா, பின்னி முடித்த பிறகு நூலால் இழுத்து உண்டாக்கியவையா என்பது தெரிந்துவிட்டால், அந்தப் பையைப்பற்றி மேற்கொண்டு அறிய வேண்டியது அதிகம் இல்லை.

இழுத்துப் பள்ளம் செய்வது எளிய வழி. நேரான உருளை ஒன்றைப் பின்னி, இரு முனைகளையும் சுருக்கி, நீண்ட ஊசியில் கோத்த தடித்த நூலை நடுவழியே இறக்கி, வெளிப்புறமாக மேலே கொண்டுவந்து, சில முறை சுற்றி இறுக்கினால் உருளை மத்தங்காயாகிவிடும். உள்ளே பஞ்சடைத்து மேசைமேல் வைக்கும் அலங்காரப் பொருளுக்கு இம்முறை போதுமானது. பொம்மை பின்னுவோர் இதை விரும்புவதில் குற்றம் காண இடமில்லை. ஆனால் பைக்கு வேண்டியது வெற்று வயிறு. நடுவில் நூல் ஓடினால் அந்த வயிறே இல்லாமற்போகும். நடுநூலைத் தவிர்த்துப் பக்கச்சுவரில் மட்டும் நூலோட்டிச் சுருக்குவோரின் பைகள் வெறுமையாக இருக்கும்வரை அழகாகவே இருக்கின்றன. இனிப்பு விழத் தொடங்கியதும் ஒரு பள்ளம் நெகிழ, அடுத்தது துணியை வெட்டுவதுபோல் இறுக, பாதி நிறைவதற்குள் மத்தங்காயின் சாயல் கலைந்துவிடுகிறது.

பின்னலுக்குள் பிறக்கும் பள்ளம் தண்டுப் பின்னலால் வருவது. கொக்கி ஊசியைக் கண்ணியின் தலையில் நுழைக்காமல், முந்தைய சுற்றில் உள்ள கண்ணியின் உடலை, அதாவது அதன் தண்டை, பின்புறமிருந்து வளைத்து நூலை எடுப்பது இதன் செய்முறை. அவ்வாறு எடுத்த கண்ணி துணியின் முகப்பிலிருந்து உள்வாங்கி நிற்பதால், சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் அதைத் திரும்பச் செய்யும்போது மேலிருந்து கீழாக ஒரு வாய்க்கால் விழுகிறது. தேர்ந்த கையின் கணக்கு அடிமையத்திலேயே தொடங்கிவிடும். நூல் வளையத்தில் 10 கண்ணி எடுத்து, சுற்றுக்குப் பத்தாகக் கூட்டிச் சென்றால் ஆறாம் சுற்றில் 60 கண்ணிகள் நிற்கும். அவற்றைப் பத்துப் பகுதிகளாகக் கொண்டால், ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து கண்ணி மேட்டுக்கும் ஒன்று பள்ளத்துக்குமாக அமையும். வயிற்றுப் பகுதியில் ஒவ்வொரு மேட்டின் நடுவிலும் ஒரு கண்ணி கூட்டி 70, பிறகு 80 என விரித்து, சில சுற்றுகள் கூட்டாமல் ஏறி, வாயருகில் அதே ஒழுங்கில் குறைத்து 60-க்குத் திரும்ப வேண்டும். கூட்டலைப் பள்ளத்தின் ஓரத்தில் வைப்பவரின் பையில் பள்ளம் அகன்று சப்பென்றாகிவிடும். மேட்டின் நடுவில் வைப்பவரின் பையில் மேடு தானே உப்பி எழும்.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. சாதாரண வட்டம் பின்னும்போது கூட்டல்களைச் சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றி வைப்பது நல்ல பழக்கம். ஒரே இடத்தில் அடுக்கினால் வட்டம் மூலைகளுள்ள பலகோணமாகிவிடும் என்று கற்பிப்பவர்கள் சரியாகவே எச்சரிக்கிறார்கள். மத்தங்காயிலோ அந்த மூலைதான் வேண்டியது. மூலை ஒவ்வொன்றும் ஒரு மேட்டின் முகடாகி, அடிமையத்திலிருந்தே வரி ஓடத் தொடங்குகிறது. உண்மையான காயிலும் வரிகள் பூவிருந்த அடிமுனையில் கூடிக் காம்பில் சென்று சேர்கின்றன. அடியைத் தட்டையாகப் பின்னி, பக்கச்சுவரில் மட்டும் பள்ளம் தொடங்கும் பைகள் சந்தையில் மிகுதி. அவற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் வட்டத் தட்டொன்றே தெரியும்.

பள்ளம் செய்யும் மற்றொரு உதவியைச் சொல்லாமல் விடலாகாது. ஒவ்வொரு சுற்றையும் மூடி அடுத்ததைத் தொடங்கும் இடத்தில் இணைப்பு வரி ஒன்று உண்டாகும். இணைப்புக் கண்ணி பிசகினால் அந்த வரி சாய்ந்துகொண்டே போகும். எவ்வளவு கருத்தாகப் பின்னினாலும் கண்ணுக்கு உறுத்தும். இணைப்பைப் பள்ளக் கண்ணியின் மேலேயே அமர்த்தத் தெரிந்தவர் கையில் அந்த வடு வாய்க்காலுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. பத்துப் பள்ளங்களில் எது இணைப்பைத் தாங்கியது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாத பையே முழுமையான பை.

இத்தகைய கண்டிப்பு பத்மநாபபுரம் வட்டாரத்துக்குப் புதிதன்று. அங்குள்ள அரண்மனையின் பூமுகத்தில், அதாவது வருவோரை எதிர்கொள்ளும் முகப்பு மண்டபத்தில், மரவிதானம் 90 வகைப் பூக்களைத் தாங்கி நிற்கிறது; விதானத்தின் மரமே பூவாக மலர்ந்திருக்கக் கண்டு பழகிய ஊரில், உடலோடு பிறந்த அலங்காரத்துக்கும் மேலே கட்டிய அலங்காரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நூல்வேலையின் மரபும் இங்கே ஆழமானது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுத்தந்தார். அவருடைய மகள் எலைசா, 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அக்கலையும் உடன்சென்றது. பத்மநாபபுரத்துக்கு இன்னும் நெருக்கமானது முளகுமூடு. தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் வழியில் உள்ள அவ்வூருக்கு, வாலன்சியன் லேஸுக்குப் பேர்பெற்ற பெல்ஜிய நகரமான ஈப்பரின் மடத்திலிருந்து, மரி லூயிஸ் டி மேஸ்டர் என்ற துறவி 1897-ல் வந்துசேர்ந்து ஆதரவற்ற சிறுமியருக்கான இல்லத்தை ஏற்று நடத்தினார்; அவர் தோற்றுவித்த சபையின் வழியே லேஸும் பூத்தையலும் அவ்வூர்ப் பெண்களின் கைத்தொழிலாயின.

நாகர்கோவில் லேஸும் குரோஷேயும் ஒன்றல்ல என்பதை இவ்விடத்தில் குறித்தாக வேண்டும். முன்னது திண்டு லேஸ்: திண்டின்மேல் குண்டூசி குத்தி, பாபின் எனப்படும் சிறு மரக்குச்சிகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றோடொன்று மாற்றிப் பின்னுவது. பின்னதற்கு ஒரு நூலும் ஒரு கொக்கியும் போதும். திண்டு லேஸை மேலான கலையாகவும் கொக்கி வேலையை அதன் எளிய தங்கையாகவும் கருதும் ரசிகர்கள் இன்றும் உண்டு. மென்மையிலும் இழையின் நுண்மையிலும் அவர்கள் சொல்வது சரி. ஆனால் திண்டின்மேல் பிறப்பது தட்டையான துணியே. அடி, வயிறு, வாய் என்று தானே எழுந்து நிற்கும் உருவத்தை, வெட்டும் தையலும் இல்லாமல் ஒரே நூலில் கொண்டுவரும் ஆற்றல் கொக்கிக்கு உரியது. மத்தங்காய்ப் பை அந்த ஆற்றலை முழுவதும் பயன்படுத்திக்கொள்கிறது.

பண்டிகையும் பின்னலும் சந்திக்கும் இடம் அயர்லாந்து. குளிர்காலத் தொடக்கத்தைக் கொண்டாடிய சம்ஹைன் என்ற கெல்டிக் விழாவும், நவம்பர் 1-ல் வரும் அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முன்மாலையும் கலந்து ஹாலோவீன் உருவாயிற்று. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின் குடைவதற்கு எளிதான பெரிய மத்தங்காயைக் கண்டெடுத்தார்கள். அவர்களை நாட்டைவிட்டுத் துரத்திய 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சமே அயர்லாந்துக் குரோஷேயை வளர்த்தது. கார்க் பகுதியின் உர்சுலைன் துறவியர் கற்றுக்கொடுத்த கொக்கிப் பின்னலைப் பட்டினியில் வாடிய குடும்பங்கள் விற்றுப் பிழைத்தன. அப்பின்னலில் இலையும் பூவும் தனித்தனியே, உள்ளே ஒரு தடித்த நூலைப் பொதிந்து மேடாக எடுக்கப்பட்டு, பிறகு வலைப்பின்னலால் இணைக்கப்படும். மத்தங்காய்ப் பையின் வாயோரத்தில் வைக்கும் இலையை இன்றும் அந்தப் பொதிநூல் முறையில் பின்னினால், இலை துவளாமல் நரம்போடு நிமிர்ந்து நிற்கும். அதன் அருகே சுருளும் பற்றுக்கம்பியைச் செய்வது இன்னும் எளிது: இருபது சங்கிலிக் கண்ணி கோத்து, திரும்பி வரும்போது ஒவ்வொன்றிலும் மூன்று கண்ணி போட்டால், இடம் போதாமல் அது தானே சுருண்டுகொள்ளும்.

நிறத்தில் கருத்து வேறுபாடு மிகுதி. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சே ஹாலோவீனுக்கு உரியது என்போர், அமெரிக்காவில் முகம் செதுக்குவதற்கென்றே 1960-களில் உருவாக்கிய ஹவ்டன் போன்ற வகைகளை மனத்தில் கொண்டு பேசுகிறார்கள். உயரமாக, வரி மெலிந்து, ஒரே நிறமாக இருப்பது அவ்வகை. கல்குளம் வட்டாரச் சந்தையில் எரிசேரிக்காக விற்கும் மத்தங்காய் வேறு இனம்: அமுங்கிய உருவம், விரல் பதியும் ஆழமான வரி, பச்சையும் காவியும் கலந்து மேலே வெண்மை படர்ந்த தோல். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பதால் உரிமை வழக்குக்கு இடமில்லை. வடிவ அழகில் நாட்டு மத்தங்காய் ஒரு படி மேல். அமுங்கிய உருவம் பைக்கு அகன்ற அடியைத் தருகிறது; கீழே வைத்தால் சாயாது; காவியில் தொடங்கி வாயருகில் இளம்பச்சைக்கு மாறும் நூல், பள்ளத்தின் நிழலை ஆரஞ்சைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. முகம் வேண்டும் என்பவர்களோடு சச்சரவு தேவையில்லை. தடியங்காயில் கோரமுகம் தீட்டி வாசலில் திருஷ்டிக்குத் தொங்கவிடும் நாட்டில், காய்க்கு முகம் வைப்பது அந்நியமான வழக்கமுமன்று. ஆனால் அந்த முகத்தையும் கறுப்பு நூலால் பின்னலோடு பின்னலாக எடுக்க வேண்டும். பசையால் ஒட்டிய கண் முதல் மழையிலேயே உதிரும். ஐப்பசியில் நாஞ்சில் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை.

நூலிலும் கொக்கியிலும் இப்போது காணும் தளர்ச்சி கவலைக்குரியது. நாலிழை ஊலுக்கு 4 மில்லிமீட்டர் கொக்கி வழக்கம் என்றாலும், பைக்கு 3 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும். விரல் நோகும், வேலை நீளும், ஆனால் இழை நெருங்கி, மிட்டாய்த் தாளின் முனை வெளியே நீட்டாது. ஆங்கர் போன்ற பளபளப்பேற்றிய பருத்தி நூல் பள்ளத்தின் விளிம்பைக் கூர்மையாக நிறுத்துவதில் ஊலைவிட மேலானது. மாறாக, விரலளவு தடித்த வெல்வெட் நூலால் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பைகளைக் காணொளிகள் கற்பிக்கின்றன; அந்நூலில் கண்ணியே கண்ணுக்குத் தெரியாது, தெரியாத கண்ணியின் தண்டை வளைத்துப் பள்ளம் எடுப்பது எப்படி? கான்வென்ட்டில் பழகியவர்களின் பிரிட்டன் முறையில் டபுள் எனப்படும் கண்ணி அமெரிக்க முறையில் சிங்கிள். அமெரிக்க முறையின் டபுளோ பிரிட்டனில் டிரெபிள். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதால், நெருக்கமாக வர வேண்டிய பை உயரமான கண்ணிகளால் சல்லடையாகிவிடுகிறது. பள்ளிக்கூடங்களில் தையல் வகுப்பு இருந்த காலத்தில், பின்னிய துணியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தபின்பே ஆசிரியை மதிப்பெண் இடுவார். நூல்முனைகளை ஊசியில் கோத்து மூன்று திசைகளில் ஓட்டி மறைக்காத வேலை திரும்பி வந்துவிடும். இன்று பல பைகளில் முனைகள் முடிச்சிட்டு வெட்டப்பட்டிருக்கின்றன. சுமை ஏறும் பையில் முடிச்சு நழுவுவது உறுதி.

வாயமைப்பில் நாஞ்சில் நாட்டுக்குச் சொந்தமான தீர்வு ஒன்று கைவசம் இருக்கிறது: பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை. வெற்றிலையும் சில்லறையும் காத்த அந்தப் பையின் இருகயிற்று முறை, அதாவது எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து புறப்படும் இரண்டு கயிறுகள் வாயை முழுவதும் சுற்றி வந்து இழுக்கப்படும் முறை, மத்தங்காய்க்கு மிகப் பொருத்தமானது. ஒற்றைக் கயிறு வாயை ஒரு பக்கமாகக் கோணச் செய்யும், இரட்டைக் கயிறு பத்து மேடுகளையும் சமமாகக் காம்பை நோக்கிக் கூட்டும். கயிற்றுக்கான துளைகளை மேட்டில் விடாமல் பள்ளத்துக்கு இருபுறமும் விட்டால், இழுக்கும்போது மடிப்பு ஏற்கெனவே உள்ள வரியில் விழும். கைப்பிடியைத் தனியே பின்னித் தைப்பதைவிட, எதிரெதிரான இரண்டு மேடுகளின் கண்ணிகளையே தொடர்ந்து வளர்த்து நடுவில் இணைப்பது உறுதியானது.

இவ்வளவும் கேட்பது மிகையென்று தோன்றினால், விலையைப்பற்றியும் சிந்திக்க வேண்டும். கைக்குரோஷேயைப் பெருவணிக அளவில் செய்யும் இயந்திரம் கிடையாது. கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷே மத்தங்காய் எதுவானாலும் ஒரு மனிதக் கை செய்ததே. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே உலகச் சந்தைக்குக் குரோஷே பின்னிய பெண்களின் உழைப்பு, ஓய்வுநேர வேலை என்ற பெயரில் கணக்கிலிருந்து நழுவியதை மரியா மீஸ் 1982-ல் ஒரு நூலாகவே எழுதினார். அந்தப் பின்னலுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு பெயரைக் காக்கும், கூலியை அது தானாக உயர்த்தாது. தண்டுப் பின்னலில் பத்துப் பள்ளம் எடுத்த பைக்கும், உருளையை நூலால் இழுத்துக் கட்டிய பைக்கும் ஒரே விலை கொடுக்கப்படும்வரை, முன்னதைப் பின்னத் தெரிந்தவர்களும் பின்னதையே பின்னுவார்கள். தக்கலையிலோ முளகுமூட்டிலோ நல்ல கையிடம் இப்படியொரு பை கேட்பவர்கள், அதை வாங்குமுன் கவிழ்த்து அடியைப் பார்த்து, பள்ளங்களை விரலால் தொட்டு எண்ணி, இரண்டு மூன்று நாள் வேலைக்குரிய கூலியைப் பேரமின்றிக் கொடுக்கட்டும்.